இடது காலுக்கு ஏறாத கொலுசு

காலைத் தொங்கப்போட்டு உக்காராத தாயி. இந்தா, இந்தப் பையைக் கீழ வைக்கிறேன், இது மேல ரெண்டு காலையும் தூக்கி வச்சுக்க. உள்ள சீலைதான் இருக்கு, மிதிச்சா ஒண்ணும் ஆகாது. எத்தன மாசம்? ஏழா? சேலையைக் கொஞ்சம் தூக்கு, காலைப் பாக்குறேன். கூச்சப்படாத. ம், ரெண்டும் ஒண்ணுபோலத்தான் வீங்கியிருக்கு. இருந்தாலும் அடுத்த தடவ போறப்ப டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு.

என்னடா இந்தப் பொம்பள, பஸ் ஏறுனதும் ஏறாததுமா அடுத்தவ காலைப் பாக்குதேன்னுதான நினைக்கிற? திருநெல்வேலி போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். சொல்றேன், கேளு.

எனக்கு ஒரே மக, பொன்மலர். ஓசூர்ல கட்டிக்குடுத்தேன். மாப்பிள்ளை அங்க ஒரு கம்பெனியில வேல பாக்குறாரு, சிவபெருமாள்னு பேரு, நல்ல பையன். அவரச் சொல்லக் குத்தமே இல்ல. குத்தம் சொல்லணும்னா அவரப் பெத்தவளச் சொல்லணும். அதுக்குப் பெறகு வாரேன்.

மலரு அஞ்சு மாசமா இருக்கையில, ஓசூர்ல பாத்துக்க ஆளில்லன்னு நான்தான் கோவில்பட்டிக்குக் கூட்டியாந்தேன். விடிய விடிய பஸ்ல உக்காந்து வந்தா பிள்ள. வந்ததும் நான் என்ன செஞ்சேன், கட்டில்ல படுக்கப்போட்டேன். ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடிக்க விட்டதில்ல. காப்பி கட்டிலுக்கு வரும், சோறு கட்டிலுக்கு வரும், டிவிப்பெட்டியைக்கூட கட்டிலுக்கு நேரா திருப்பி வச்சாச்சு. எங்க வீட்டுக்காரரு மாவு மில்லு வச்சிருக்காரு, அவரு சொல்லுவாரு, ஏ, கொஞ்சம் நடக்க விடேன் பிள்ளையன்னு. ஆம்பளைக்கு என்ன தெரியும்? ரெண்டு மாசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். அந்த மாதிரி எந்தத் தாயும் பாத்திருக்க மாட்டா. இதை நானா சொல்லல, தெருவே சொல்லிச்சு.

ஏழாவது மாசம் வளைகாப்பு. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா கோவில்பட்டியிலேயே மண்டபம் பிடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை விசேஷம். வளைகாப்புக்குப் புதுக் கொலுசு போடணும்னு எனக்கு ஒரு ஆச. சங்கரலிங்க ஆசாரி கடையில முத்து வச்ச கொலுசு சொல்லியிருந்தேன். திங்கக்கிழமை போய் வாங்கியாந்து மலரு காலுல போட்டுப் பாக்குறேன், வலது காலுக்கு அழகா உக்காருது. இடது காலுக்குத் திருகாணி எட்டவே மாட்டேங்குது. இழுத்துப் பாக்குறேன், அவ அம்மான்னு கத்துறா.

எனக்கு எப்படி இருக்கும்? இத்தன வருஷமா அவர்கிட்டதான் வாங்குறோம். ஒண்ணைச் சின்னதா செஞ்சு தலையில கட்டிட்டாரு பாரு! அவுத்து எடுத்துக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். நாலு பேரு இருக்கையிலயே கேட்டேன், இதுதான் நீரு ஜோடி செய்ற லட்சணமான்னு. அவரு ரெண்டு கொலுசையும் பக்கத்துல பக்கத்துல நீட்டிப் போட்டாரு. முத்துக்கு முத்து, வளையத்துக்கு வளையம் ஒண்ணுபோல இருக்கு. பெறகு கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாரு.

"பாப்பாவுக்கு ஒரு காலு மட்டும் வீங்கியிருக்காம்மா?"

மசக்கக்காரிக்குக் காலு வீங்காம என்ன செய்யும்னேன்.

"ரெண்டு காலும் வீங்குனா சரி. ஒரு காலு மட்டும்னா வேற. எங்க தம்பி வீட்டுல இப்படித்தான் விட்டுட்டோம். இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

தப்பிக்கப் பாக்குறாருன்னுதான் நினைச்சேன். செஞ்ச வேல கோணலுன்னா ஒத்துக்க மனசு வராம, என் மக காலைக் கோணலுன்னு சொல்றாருன்னு எனக்கு ஆத்திரம். சரி, டாக்டரம்மா வாயாலயே காலு நல்லாருக்குன்னு சொல்ல வச்சு, மறுபடி வந்து இவரக் கவனிச்சுக்கிறேன்னுட்டு அன்னைக்குச் சாயங்காலமே மலரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். இன்னைக்கு எல்லாரும் என்ன சொல்றாங்க? ஆசாரிதான் பிள்ளையக் காப்பாத்துனாருங்கிறாங்க. நான் சண்டைக்குப் போகலேன்னா அவரு எங்க இருந்து காப்பாத்துறது? அதை ஒருத்தரும் சொல்றதில்ல.

டாக்டரம்மா, எம்புட்டு நாளா வீக்கம்னு கேட்டாக. ஒரு வாரமா இருக்கும், கெண்டைக்கால்ல இருந்து தொடை வர கனமா இழுக்குதுன்னு மலரு சொல்றா. எங்கிட்ட காலு வலிக்குதுன்னுதான் சொன்னா. டாக்டரம்மா டேப்பு எடுத்து, நம்ம டெய்லரு அளக்குற மாதிரி ரெண்டு காலையும் அளந்தாக. இடது காலு நாலு சென்டிமீட்டர் கூட இருக்கு. அந்தம்மா எப்பவும் சிரிச்சுக்கிட்டே பேசுறவுக. டேப்பைச் சுருட்டுறப்ப சிரிப்பு இல்ல. மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா, இருமல் இருக்கான்னு அடுக்கடுக்காக் கேட்டாக. இல்ல இல்லன்னு மலரு சொல்லச் சொல்லத்தான் அவுக கொஞ்சம் சாஞ்சு உக்காந்தாக. வீட்டுக்குப் போகாம இப்படியே திருநெல்வேலிக்குக் காரு பிடிச்சுப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாக.

அங்க காலுக்கு ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துக்கு எடுக்குற மாதிரியே காலுக்கும் எடுப்பாங்களாம், எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். தொடையில உள்ளுக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாயில ரத்தம் கட்டி நிக்குதுன்னாங்க. கட்டின்னா வெளிய தெரியுற கட்டி இல்ல தாயி. ரத்தமே உறஞ்சு போய்க் குழாயை அடைச்சுக்கிட்டு இருக்கு.

அங்க இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரரு, பொறுமையாச் சொன்னாரு. பிள்ள உண்டானா ரத்தத்துக்கே உறையிற குணம் கூடிரும், பெத்தெடுக்குறப்ப ரத்தம் கொட்டிப் போயிரக் கூடாதுன்னு உடம்பு செஞ்சுக்கிற ஏற்பாடு அது. உறஞ்சதைக் கரைக்கிற வேலையும் அப்ப கொஞ்சம் மந்தமாயிரும். அதோட வயிறு வேற குழாயை அமுக்கும். நீளப் பயணம், நடக்காமப் படுத்தே கிடக்குறது, இதெல்லாம் சேந்தா சில பேருக்கு இப்படி ஆகும்னாரு. நீளப் பயணம்னு சொன்னாருல்ல? அந்த ஓசூர் பஸ்தான். நான் அப்பவே சொன்னேன், அந்தப் பஸ்ல சீட்டே சரியில்லன்னு.

காலுல இருக்குற வரைக்கும் காலோட போச்சு, அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்துன்னாரு. கேட்டதும் எனக்கு அந்த எண்ணெய்க் கிண்ணந்தான் கண்ணு முன்னால வந்துச்சு. என்னன்னா, ஒரு வாரமா, காலு வலிக்குதுங்குறாளேன்னு காலையிலயும் சாயங்காலமும் நல்லெண்ணெய் சுட வச்சு அழுத்தி அழுத்தித் தேச்சு விட்டிருக்கேன். கீழ இருந்து மேல, நல்லா உருவி உருவி. சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா வாய் நிக்கல. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்.

"நான் தேச்சு விட்டேனே சார், அதனால ஏதாவது ஆயிருக்குமா?"

அவரு என்னப் பாத்தாரு. "இனிமே தேய்க்காதீங்கம்மா"ன்னாரு. சொல்லிட்டுச் சீட்டு எழுதக் குனிஞ்சுட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. வளைகாப்பை நிறுத்தியாச்சு. மறுநா மத்தியானம் பாத்தா, வராந்தாவுல ஒரு வயர்கூடையோட நிக்கிறா இசக்கியம்மா. என் சம்பந்தி. மாப்பிள்ளையோட அம்மா. சங்கரன்கோவில் பக்கம் அவுக ஊரு. ஓசூர்ல இருந்து மாப்பிள்ளை வந்து சேரக்குள்ள இவ வந்துட்டா.

அவளப் பத்திச் சொல்லணும். ஒரு வார்த்த பேச மாட்டா. கல்யாணத்துலயே நான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன், இவ என்ன உம்முன்னு இருக்கா, நம்மள மதிக்கலையோன்னு. நான் பத்து கேட்டா ஒண்ணுக்குத்தான் பதிலு வரும். அப்படிப்பட்டவ வந்து நிக்கிறா, விஷயத்தை நான் சொல்லிச் சொல்லி அழுறேன், எண்ணெய் தேச்ச கதையையும் சொல்லிட்டேன். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீங்க தேய்க்கலேன்னா நான் தேச்சிருப்பேன் மதினி"ன்னா.

பாத்துக்க. அவளும் தேய்க்கிறவதான்! அவ வீட்டுல இருந்திருந்தா அவளும் இதைத்தான் செஞ்சிருப்பா. அதை அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. பெறகு என்னை மட்டும் ஊரு குத்தம் சொன்னா என்ன நியாயம்? ஆனா ஒண்ணு, அவ அதைச் சொன்ன பெறகுதான் எனக்குச் சோறு எறங்குச்சு. அது ஏன்னு தெரியல.

வைத்தியம் என்னன்னா ஊசி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வயித்துத் தோலுல. பிள்ள பெறக்குற வரைக்கும், பெறந்து ஆறு வாரம் வரைக்கும். நான் டாக்டர்கிட்ட கேட்டேன், இந்த ஊசி அந்தக் கட்டியக் கரைச்சிரும்லன்னு. கரைக்காதுன்னுட்டாரு. கரைக்காத ஊசி எதுக்குன்னேன். அதுக்கு அவரு, இந்த மருந்து கட்டி வளராமப் பாத்துக்கிரும், கரைக்கிற வேலையை இவங்க உடம்பே மெல்ல மெல்லச் செஞ்சுக்கிரும், மாசக்கணக்கு ஆகும்னாரு. ஒரேயடியாக் கரைக்கிற மருந்தும் இருக்காம். அது ரத்தம் கொட்ட வச்சிரும், உசுருக்குப் போராடுறவங்களுக்குத்தான் அதைத் தொடுவோம்னாரு. நான் இன்னும் கேட்டிருப்பேன், இசக்கியம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

ஊசியை வீட்டுலயே போட்டுக்கலாம், யாராவது ஒருத்தர் பழகிக்கங்கன்னு நர்சு சொன்னாங்க. பெத்தவ நான் இருக்கேன்ல, நான்தான் முன்னால போனேன். கோழி உரிச்சிருக்கேன், ஆட்டுத்தலை வாட்டியிருக்கேன், இது என்ன? நர்சு மூடியைக் கழட்டுனாங்க. மலரு வயித்துல தோலை மடிச்சுப் பிடிச்சாங்க. அம்புட்டுத்தான் எனக்கு ஞாபகம். கண்ணு முழிச்சுப் பாத்தா பக்கத்துக் கட்டில்ல கிடக்கேன், எனக்கு ஒருத்தி முகத்துல தண்ணி தெளிக்கிறா. காலையில சாப்பிடாம இருந்தேன், அதான்.

இசக்கியம்மா என்ன செஞ்சா தெரியுமா? ரெண்டு தடவ நர்சு போடுறதை நின்னு பாத்தா. மூணாவது தடவ, நான் போடட்டுமான்னு கேட்டு வாங்கிப் போட்டுட்டா. மலரு, போட்டாச்சா அத்தைன்னு கேக்குறா. அவ வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ஒம்பது வருஷம் தெனமும் இவதான் ஊசி போட்டாளாம், அவரு சாகுற வரைக்கும். இம்புட்டு நாளும் இதை எங்கிட்ட சொன்னதே இல்ல. கேட்டா, நீங்க கேக்கலயேங்கிறா.

இப்படித்தான் அவ எங்க வீட்டுக்குள்ள வந்தா. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்கு வந்தா, மாமியாக்காரியும் கூடவே வந்து குடியிருந்த கதைய நீ எங்கயாவது கேட்டிருக்கியா? ரெண்டு மாசத்துக்கு மேல, பெறகு பிள்ள பெறந்து ஆறு வாரம். தெருவுல ஒவ்வொருத்திக்கும் நான் பதிலு சொன்னேன். வந்தவ சும்மா இருந்தாளா? மொதல்ல கட்டில்ல கை வச்சா. டாக்டர் நடக்கச் சொல்லிட்டாருன்னு காலையில மில்லுல இருந்து தண்ணித்தொட்டி வரைக்கும், சாயங்காலம் மறுபடி, மலரைப் பிடிச்சு நடக்க வச்சா. அரை மணிக்கு ஒருதடவ தண்ணி குடிக்க வச்சா. காலுக்கு இறுக்கமா ஒரு உறை குடுத்திருந்தாங்க, அதை மாட்டுறதுக்கு ரெண்டு பேரு வேணும். தெனமும் காலையில நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் தரையில உக்காந்து இழுப்போம். மலரு மேல இருந்து சிரிப்பா. எனக்குக் கோவமா வரும், ஆனா கை ரெண்டும் உறையில இருக்கும், என்ன செய்ய?

காலண்டர்ல எழுதி வைப்பா, இன்னைக்கு வயித்துல எந்தப் பக்கம் போட்டோம்னு. இடது, வலது, இடது, வலதுன்னு. எங்க வீட்டுக் காலண்டரு, எங்கிட்ட கேக்காம எழுதுவா. வயிறெல்லாம் நீலம் நீலமாக் கன்னியிருக்கும். அதைப் பாக்க முடியாம ஊசி போடுற நேரம் நான் அடுப்படிக்குப் போயிருவேன். மலரும் எதுக்கெடுத்தாலும் அத்தை அத்தைன்னா. இருக்கட்டும். பெத்தவளுக்கு வருத்தம் இருக்காதா?

அப்படி இருக்கையில ஒருநா, பென்ஷன் ஆபீஸ்ல நேருல வந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்கன்னு இசக்கியம்மா ஊருக்குப் போனா. காலை ஊசியப் போட்டுட்டு, சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்னுட்டுப் போனவ. மத்தியானம் பிடிச்சுச்சு பாரு மழை. கழுகுமலை ரோட்டுல ஓடையில தண்ணி வந்து பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆகுது. நம்ம வீட்டுக்காரரு நர்சு யாரையாவது கூட்டியாறேன்னு மழையில குடையோட போனவரு போனவருதான். மலரு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளே போட்டுக்கப் பாத்தா, தோலுகிட்ட கொண்டு போறதும் திருப்பி எடுக்குறதுமா இருக்கா. "அம்மா, நீ போடு"ன்னா.

போனைப் போட்டேன் இசக்கியம்மாவுக்கு. நீங்க எப்படியாவது வாங்கன்னேன். எப்படி வருவா, ஓடையில நீந்தியா வருவா?

"மதினி, தோலை மடிச்சுப் பிடிங்க. பிடிச்சாச்சா? ஊசியைப் பாக்காதீங்க. பிள்ள முகத்தையும் பாக்காதீங்க. உங்க விரலை மட்டும் பாருங்க."

பாத்தேன்.

"நேரா இறக்குங்க. மெல்ல அமுக்குங்க. மடிப்பை விட்டுறாதீங்க. இப்ப வெளிய எடுங்க. தேய்க்காதீங்க."

எடுத்துட்டேன். மலரு என்னையே பாத்துக்கிட்டிருக்கா, வலிக்கலம்மாங்கிறா. பொய்தான் சொல்லியிருப்பா. வயிறு கன்னிப்போன பெறகு அவ அத்தை போட்டாலே உதட்டைக் கடிப்பா. நான் போனைக் காதுல வச்சபடியே தரையில உக்காந்துட்டேன். போனுக்குள்ள அங்கயும் மழச் சத்தந்தான் கேக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு, காலண்டர்ல எழுதிருங்க, வலதுன்னுட்டு வச்சுட்டா. எழுதுனேன். அதுக்குப் பெறகு சாயங்கால ஊசி என்னோடதுன்னு சொல்லிட்டேன். ஒரு வேள அவ, ஒரு வேள நான். யாரு போட்டா கன்னலன்னு பாத்தா நான் போட்டதுதான், அதையும் சொல்லிருறேன்.

பிரசவம் திருநெல்வேலியிலதான். நாளு பாத்து, மொத நாளே ஊசியை நிறுத்தச் சொன்னாங்க, இல்லேன்னா பெறக்குறப்ப ரத்தம் நிக்காதாம். அந்த ஒரு நா இருக்கே தாயி, அதுதான் பெரிய நாளு. ஊசி போட்டாலும் பயம், போடாம விட்டாலும் பயம். லேபர் ரூம் வாசல்ல நானும் இசக்கியம்மாவும் உக்காந்திருக்கோம். நான் ஒரு சாமி விடாம வேண்டிக்கிட்டிருக்கேன். இவ கண்ணை மூடிச் சாஞ்சு கிடக்கா. தூங்குறா பாருன்னு நினைச்சேன். பக்கத்துல போய்ப் பாத்தா, சேலை முந்தியை விரல்ல சுத்திச் சுத்தி, விரலே வெளுத்துப் போயிருக்கு. நான்தான் மெல்லப் பிரிச்சு விட்டேன். இல்லேன்னா அவளுக்கும் ரத்தம் கட்டிக்கிரும்ல?

பொம்பளப்பிள்ள. ரெண்டே முக்கால் கிலோ. மலருக்கும் ஒண்ணும் ஆகல. ரத்தம் அளவோடதான் போச்சுன்னாங்க. நேரம் பாத்து ஊசியை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாங்க. ஆறு வாரம். அது முடியுறப்ப மறுபடி காலுக்கு ஸ்கேன். டாக்டர் படத்தைக் காட்டுனாரு, எனக்கு அதுல மழமேகம் மாதிரிதான் தெரிஞ்சுச்சு. குழாய் திறந்துருச்சு, ரத்தம் நல்லா ஓடுது, ஓரத்துல கொஞ்சம் தழும்பு மாதிரி இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும், இவங்க உடம்பே கரைச்சுக்கிருச்சுன்னாரு. அடுத்த பிள்ளைக்கு ஆரம்பத்துலயே வந்துருங்க, அப்பவும் ஊசி போடணும்னாரு. கரைக்காத ஊசின்னு நான் சொன்னதை அவரு மறக்கல, என்னப் பாத்துச் சிரிச்சாரு.

கடைசி ஊசி போட்ட மறுநாளே இசக்கியம்மா கூடையைக் கட்டிட்டா. என் வேல முடிஞ்சுருச்சு மதினின்னா. சரி, போங்க, உங்க வீட்டையும் பாக்கணும்லன்னேன். நானும் எத்தன நாளு இதைத்தான எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கூடப் போனேன். அவளுக்கு எந்தப் பஸ் எங்க நிக்கும்னு தெரியாது. தெரியும், ஆனா அன்னைக்குத் தெரியுமோ என்னவோன்னு போனேன்.

சங்கரன்கோவில் வண்டி வந்துச்சு. ஜன்னலோரம் சீட்டு பிடிச்சு உக்கார வச்சேன். நடுவுல வண்டி நின்னா எறங்கி ரெண்டு நட நடங்கன்னேன். சரின்னா. தண்ணி குடிங்கன்னேன். சரின்னா. அவ குணம் அது, மாறாது. டிரைவரு வந்து ஏறுனாரு. வண்டி நகரையில, ஜன்னல் வழியா கையை நீட்டி என் கன்னத்தை ஒரு தடவ தொட்டுட்டு உள்ள இழுத்துக்கிட்டா.

நான் அங்கயே நின்னேன். வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய போய், ரோட்டுல ஏறி, வளைவு திரும்புச்சு. அதுக்குப் பெறகும் கொஞ்ச நேரம் நின்னேன். பழக்கடைக்காரி கேக்குறா, யாருக்கா, உங்க தங்கச்சியான்னு. ஆமான்னுட்டேன். அவகிட்ட சம்பந்தின்னு சொன்னா, பெறகு மொத்தக் கதையையும் சொல்லணும். எனக்கு அன்னைக்குக் கதை சொல்ல நேரமில்ல.